கான்ஸ்டன்டைன் வருவதற்கு முன்பே கிறிஸ்தவம் எப்படி இவ்வளவு பரவியது?

கீழவாசல்:
தேர்வுக்குப் படிக்கும் புத்தகங்களில் இது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. 313இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவத்துக்கு அனுமதி கொடுத்த மிலான் ஆணை, அப்புறம் கிறிஸ்தவம் வேகமாகப் பரவியது. இந்த வரிசை எனக்கு இடிக்கிறது. 312 அக்டோபரில் மில்வியன் பாலத்துச் சண்டைக்குப் போகும் அந்தப் பேரரசர், ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு கூட்டத்தின் கடவுளை நம்பிப் போயிருப்பாரா? அதற்குள்ளேயே அந்தக் கூட்டம் அரசன் கண்ணில் படும் அளவுக்குப் பெருகியிருக்க வேண்டும் அல்லவா?

பவுல், பேதுரு காலம் 60களோடு முடிகிறது. அதிலிருந்து 312 வரை கிட்டத்தட்ட 250 வருஷம். படை இல்லை, அரசு ஆதரவு இல்லை, அவ்வப்போது தலையும் போகிறது. இந்த இடைவெளியில் பரப்பியது யார்? விசுவாசம் சரியா தப்பா என்ற சண்டை வேண்டாம். அந்தக் காலத்து ஆதாரம் எதுவோ அதை வைத்துப் பேசலாம்.

செஞ்சட்டை:
இதில் மர்மம் ஒன்றும் இல்லை. 380இல் பேரரசர் தியோடோசியஸ் கிறிஸ்தவமே அரசின் மதம் என்று ஆணை போட்டார், 392இல் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதையே தடை செய்தார். அரசு பின்னால் நின்றால் எதுவும் பரவும். அதற்கு முன் இருந்தது ஒரு சின்னக் குழு. அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
தோழர், சின்னக் குழு என்றால் எவ்வளவு சின்னது? யாரும் தலையெண்ணி வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் 1996இல் ராட்னி ஸ்டார்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கி.பி. 40இல் 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு 40 சதவீதம் கூடுகிறது. அப்படியே பெருக்கிக்கொண்டே போனால்:

100இல் சுமார் 7,500
150இல் 40,000
200இல் 2,18,000
250இல் 11.7 லட்சம்
300இல் 63 லட்சம்

பேரரசின் மொத்த மக்கள்தொகை 6 கோடி என்று எடுத்தால் 300இல் பத்தில் ஒருவர். தொடக்க எண்ணும் ஊகம், விகிதமும் ஊகம்தான். எனக்கு இதில் பிடித்தது விடை இல்லை, வேகம். பத்து வருஷத்துக்கு 40 சதவீதம் என்பது வருஷத்துக்கு 3.4 சதவீதம். முப்பது பேர் கூடும் ஒரு வீட்டுச் சபையில் வருஷத்துக்கு ஒரே ஒரு ஆள் கூடினால் போதும். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் வாங்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை.

100ஆம் ஆண்டு எண்ணைப் பாருங்கள். பேரரசு முழுவதும் சேர்த்து 7,500 பேர். நம்மூர்க் கிராமத்துக் கோயில் கொடைக்கே அதைவிட அதிகம் கூடும். ரோம எழுத்தாளர்கள் முதல் நூற்றாண்டில் இவர்களைக் கண்டுகொள்ளாததில் ஆச்சரியமில்லை.

கீழவாசல்:
நல்ல கணக்கு. ஆனால் அந்த ‘ஒரே ஒரு ஆள்’ எப்படி வந்தார்? என் கேள்வி அங்கேதான் நிற்கிறது.

பொருநைக்கரை:
தம்பி, பவுலின் கடிதங்களையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் ஊர் ஊராகப் பிரித்து வைத்துப் படித்துப் பாருங்கள். புது ஊருக்குப் போனதும் பவுல் பெரும்பாலும் முதலில் நுழைவது ஜெப ஆலயம். அந்தியோகியா, எபேசு, கொரிந்து, ரோம் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றி எங்கும் யூதர் குடியிருப்புகள் இருந்தன. அங்கே யூதரல்லாத கிரேக்கர்களும் வந்து உட்காருவார்கள். நடபடிகள் அவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்கிறது. துருக்கியில் அஃப்ரோடிசியாஸ் என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் அப்படிப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலே இருக்கிறது. ஒரே கடவுள், வேத வாசிப்பு, ஒழுக்கம் எல்லாம் அவர்களுக்குப் பிடித்திருந்தது. விருத்தசேதனமும் உணவு விதிகளும்தான் முழுதாகச் சேரவிடாமல் தடுத்தன. எருசலேமில் 49 வாக்கில் கூடிப் பேசி, புறஜாதியாருக்கு விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அந்தத் தடை விலகிவிட்டது.

இரண்டாவது வழி வீடு. பிலிப்பியில் லீதியாள், தியத்தீரா ஊரிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்றவள். அவள் மனம் மாறியதும் வீட்டார் எல்லாரும் சேர்ந்தே ஞானஸ்நானம் பெறுகிறார்கள். வீடு என்றால் கணவன், மனைவி, பிள்ளை மட்டும் இல்லை. அடிமைகள், வேலையாட்கள், விடுதலை பெற்றவர்கள் எல்லாரும் அதில் அடக்கம்.

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளைப் பாருங்கள். கூடாரம் செய்கிற தம்பதி. பேரரசர் கிளவுதியு யூதரை ரோமிலிருந்து துரத்தியதால் கொரிந்துக்கு வந்தார்கள். பவுலும் அதே தொழில்காரர் என்பதால் அவர்களோடு தங்கி வேலை செய்தார். அப்புறம் எபேசுக்குப் போனார்கள், அங்கும் அவர்கள் வீட்டில் சபை கூடுகிறது. பவுலின் ரோமர் கடிதம் 16ஆம் அதிகாரத்தில் திரும்ப ரோமில் இருக்கிறார்கள், அங்கும் அவர்கள் வீட்டில் சபை.

அதே 16ஆம் அதிகாரத்தில் பவுல் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். ரோமுக்கு அவர் அதுவரை போனதே இல்லை! வேறு ஊர்களில் பழகியவர்கள் பிழைப்புக்காக ரோமுக்குப் போய்விட்டார்கள். ரோம் சபையைத் தொடங்கியது யார் என்று கேட்டால் எனக்குத் தோன்றும் பதில் இப்படிப்பட்ட ஆட்கள்தான்.

நாணயக்காரன்:
இதற்கு வெளியார் சாட்சி வேண்டும் என்றால் பிளினியிடம் போகலாம். 112 வாக்கில் இவர் பித்தினியா-பொந்துவின் ஆளுநர், கருங்கடல் ஓரம். பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: இந்தக் கிறிஸ்தவர்களை எப்படி விசாரிப்பது என்று தெரியவில்லை, எல்லா வயதினரும் எல்லாத் தரத்தினரும் ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள், நகரங்களோடு நில்லாமல் கிராமங்களுக்கும் வயல்வெளிகளுக்கும் இந்தத் தொற்று போய்விட்டது. கோயில்கள் வெறிச்சோடிக் கிடந்தனவாம், பலி இறைச்சியை வாங்க ஆளே இல்லையாம். இவர் விசாரணை தொடங்கிய பிறகு நிலைமை மாறுகிறதாம்.

கடைசி வரியைக் கொஞ்சம் தள்ளியே வைத்துப் படிக்க வேண்டும். தன் வேலையால் பலன் என்று மேலிடத்துக்குச் சொல்லும் அதிகாரி முதலில் நோயைப் பெரிதாகத்தான் காட்டுவார். ஆனாலும் சும்மா இருந்த ஒன்றைப் பற்றி ஒரு ஆளுநர் பேரரசருக்கு எழுதமாட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயம். ஒன்று, உண்மை அறிய அவர் சித்திரவதை செய்தது இரண்டு அடிமைப் பெண்களை. அந்தச் சபையில் அவர்கள் பொறுப்பு வகித்தவர்கள் என்று அவரே எழுதுகிறார். இன்னொன்று, விசாரிக்கப்பட்டவர்களில் சிலர், இருபது வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டோம் என்கிறார்கள். அதாவது விலகிப் போனவர்களும் உண்டு. கணக்குப்பிள்ளையின் 3.4 சதவீதம் இவர்களைக் கழித்த பிறகு வருவது.

கணக்குப்பிள்ளை:
ஆமாம் சார், நிகர வளர்ச்சி. அப்படியானால் வந்தவர் ஏன் நிலைத்தார் என்பதும் வந்தது எப்படி என்ற அளவுக்குப் பெரிய கேள்வி.

கீழவாசல்:
பவுலுக்குப் பிறகு ஊர் ஊராகப் போன மிஷனரிகள் பட்டியல் ஏதாவது இருக்கிறதா?

மறைமாணவன்:
இந்த இழையில் நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. பட்டியல் போட உட்கார்ந்தால் ஒரு பக்கம் நிறையாது. அலெக்சாந்திரியாவிலிருந்து இந்தியாவுக்குப் போனதாக 4ஆம் நூற்றாண்டு சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் சொல்லும் பந்தேனுஸ், பொந்துவில் அற்புதங்கள் செய்தவர் என்று பெயர் வாங்கிய கிரகோரி, இப்படிச் சிலர். மற்றபடி 2, 3ஆம் நூற்றாண்டுகளில் பெயர் தெரிந்த நற்செய்திப் பணியாளர்கள் மிகக் குறைவு. ஆனால் வளர்ச்சி அந்தக் காலத்தில்தான்.

இன்னொரு விசித்திரம். திருச்சபை கதவைத் திறந்து போட்டுக்கொண்டு ஆள் பிடிக்கவில்லை. 3ஆம் நூற்றாண்டு ரோமோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு சபை ஒழுங்கு நூல், சேர வருகிறவர் மூன்று வருஷம் கேட்டுப் படிக்க வேண்டும் என்கிறது. வருகிறவரின் தொழில் என்ன என்று விசாரணை உண்டு. கிளாடியேட்டர், சோதிடர், சிலை செய்கிறவர், நாடக நடிகர் எல்லாம் தொழிலை விட வேண்டும், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். திருமுழுக்குக்குத் தேர்ந்தெடுக்கும்போது கேட்கும் கேள்விகளில் சில: கைம்பெண்களை மதித்தாரா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? கூட்டி வந்தவர் அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். திருமுழுக்குப் பெறாதவர் நற்கருணைப் பகுதிக்கு இருக்க முடியாது, வெளியே அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டைப் பார்த்து மயங்கி யாரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் எங்கே கேட்டார்கள்? செல்சஸ் என்ற எதிரி 178 வாக்கில் எழுதிய நூலில் கோபத்தோடு பதில் வைத்திருக்கிறார். கம்பளி நெய்கிறவன், செருப்பு தைக்கிறவன், துணி வெளுக்கிறவன் எல்லாம் எஜமானர் முன்னால் வாயைத் திறப்பதில்லையாம். தனியாகக் குழந்தைகளும் பெண்களும் கிடைத்தால் போதும், அப்பா பேச்சையும் வாத்தியார் பேச்சையும் கேட்காதே என்று ஓதிக்கொடுக்கிறார்களாம். செல்சஸின் நூல் நம்மிடம் இல்லை. எழுபது வருஷம் கழித்து கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென் வரிக்கு வரி மறுத்து எழுதியதால் பெரும்பகுதி தப்பியது. திட்டுவதற்காக எழுதியதுதான், ஆனால் அடுக்களை, பட்டறை, சலவைக்கூடம் என்று இடத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கிறது.

யாழ்வாடை:
வணக்கம் எல்லாருக்கும். பெண்கள் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த பப்பைரஸ் கடிதம் ஒன்று, கி.மு. 1ஆம் ஆண்டுக்குரியது. ஹிலாரியோன் என்பவர் அலெக்சாந்திரியாவில் வேலைக்குப் போன இடத்திலிருந்து கர்ப்பிணி மனைவிக்கு எழுதுகிறார். பாசமான கடிதம்தான், உன்னை எப்படி மறப்பேன் என்றெல்லாம் வருகிறது. அதற்கு நடுவில், ஆண் பிள்ளை என்றால் வைத்துக்கொள், பெண் என்றால் வெளியே எறிந்துவிடு என்கிறார். அந்த உலகத்தில் இது குற்றமல்ல. யூதர்கள் இதைச் செய்யவில்லை, அவர்களிடமிருந்து கிறிஸ்தவர்களும் அந்த வழக்கத்தையே எடுத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டு நூல்களில் குழந்தையை எறிவதற்கு எதிராகத் தெளிவாக எழுதியிருக்கிறது.

அடுத்தது கைம்பெண்கள். 251இல் ரோம் ஆயர் கொர்னேலியஸ் அந்தியோகியா ஆயருக்கு எழுதிய கடிதத்தை யூசேபியஸ் எடுத்து வைத்திருக்கிறார். ரோம் சபையில் மூப்பர் 46 பேர், திருத்தொண்டர் 7, துணைத் திருத்தொண்டர் 7, பீடத்துணைவர் 42, பேயோட்டுகிறவர்களும் வாசகர்களும் வாயில்காவலர்களும் சேர்த்து 52. அதோடு சபை பராமரிக்கும் கைம்பெண்களும் ஏழைகளும் 1,500க்கு மேல். அரசு இதற்கு ஒரு சதம் கொடுத்ததில்லை.

கணவன் செத்தால் இரண்டு வருஷத்துக்குள் மறுமணம் செய் என்று ரோமச் சட்டம் பெண்களை நெருக்கியது. இங்கே கைம்பெண்ணாகவே இருந்தாலும் சோறும் மரியாதையும் உண்டு. எந்தப் பெண்ணுக்குத்தான் இது பெரிதாகத் தெரியாது?

செஞ்சட்டை:
ஆக, சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் வேறு என்ன சொன்னேன்?

யாழ்வாடை:
1,500 பேருக்குச் சோறு போட்டது யார் அண்ணா? உள்ளே இருந்த மற்ற ஆட்கள். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் 197 வாக்கில் எழுதுகிறார்: மாதம் ஒரு முறை, விருப்பமிருந்தால், முடிந்தால் மட்டும் ஒவ்வொருவரும் கொஞ்சம் பணம் போடுகிறோம், கட்டாயமில்லை. அந்தப் பணம் விருந்துக்குப் போவதில்லை, ஏழைகளை அடக்கம் செய்ய, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு, வயதான அடிமைகளுக்கு, கப்பல் உடைந்தவர்களுக்கு, விசுவாசத்துக்காகச் சிறையிலும் சுரங்கத்திலும் கிடப்பவர்களுக்கு. எல்லாரும் வாங்க மட்டும் வந்திருந்தால் ஒரு வருஷத்தில் பெட்டி காலி.

நாணயக்காரன்:
அடக்கச் செலவு என்பதைச் சாதாரணமாகத் தாண்டிவிடக் கூடாது. ரோமில் ஏழைகள் மாதச் சந்தா கட்டி அடக்கச் சங்கங்களில் சேர்வார்கள், சந்தா நின்றால் உரிமையும் போச்சு. சபை அதைச் சந்தா கட்டாதவனுக்கும் செய்தது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் சபைக்கு ஆப்பியா சாலையில் சொந்தமாகக் கல்லறைத் தோட்டமே இருந்தது. அதன் பொறுப்பில் இருந்த கலிஸ்துஸ் முன்னாள் அடிமை. 217இல் அவரே ரோம் ஆயர் ஆனார்.

மறைமாணவன்:
துன்புறுத்தல் பற்றியும் பேச வேண்டும். இரத்தசாட்சிகளின் இரத்தம் வித்து என்று தெர்த்துல்லியன் சொன்னது எல்லாப் பிரசங்கத்திலும் வரும். 177இல் லியோனில் பிளாந்தினா என்ற அடிமைப் பெண், 203இல் கார்த்தேஜில் கைக்குழந்தைக்காரி பெர்ப்பெத்துவாவும் அடிமை பெலிசித்தாவும் அரங்கத்தில் இறந்தார்கள். பார்த்தவர்கள் மனதில் அது நிற்காமலா போயிருக்கும்?

நாணயக்காரன்:
நின்றிருக்கும். ஆனால் எண்ணிக்கையை அதை வைத்து விளக்க முடியாது தம்பி. ஒரிஜெனின் சொந்தத் தந்தையே மறைசாட்சியாக இறந்தவர், ஆனாலும் 248 வாக்கில் அவர் எழுதுவது, மதத்துக்காக இறந்தவர்கள் எளிதில் எண்ணிவிடக் கூடிய சிலர்தான் என்று. அதுவரை நடந்ததெல்லாம் அந்தந்த ஊரில், அந்தந்த ஆளுநர் கையில் நடந்தவை. தேடிப் பிடிக்க வேண்டாம், பெயரில்லாப் புகார்களை ஏற்க வேண்டாம் என்றுதான் டிராஜனும் பிளினிக்குப் பதில் போட்டார்.

பேரரசு முழுக்க வந்த முதல் நெருக்கடி பேரரசர் டீசியஸின் ஆணை. 249 கடைசி அல்லது 250 தொடக்கம். எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். எகிப்து மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஒன்று முதலை தெய்வமான பெத்தெசூக்கோஸின் பூசாரிணி வாங்கியது! கோயில் பூசாரியே நான் சாமி கும்பிடுகிறேன் என்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆணை எல்லாருக்கும் பொது, மாட்டிக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்கள்.

அப்போது நடந்ததைச் சபை மறைக்கவில்லை. கார்த்தேஜில் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள், சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். ஆயர் சிப்ரியன் புலம்பி எழுதியிருக்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த வருஷம். ஆபத்து விலகியதும் விழுந்தவர்கள் திரும்ப வந்து சபைக் கதவைத் தட்டுகிறார்கள். சேர்ப்பதா வேண்டாமா என்று ரோமும் கார்த்தேஜும் பிளவுபடும் அளவுக்குச் சண்டை. கடைசியில் நோன்பும் தவமும் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை கேட்டாரே, ஏன் நிலைத்தார்கள் என்று. விட்டுப் போனவர்களையும் திரும்ப வரவைக்கும் ஏதோ ஒன்று அங்கே இருந்தது. வேறு கோயில் எதற்கும் இப்படி ஒரு பிரச்சினை வந்ததில்லை. அங்கே யாரும் ‘உறுப்பினர்’ இல்லையே.

பொருநைக்கரை:
அண்ணாச்சி சொல்வது சரி. ஜெபத்துக்கும் அற்புதத்துக்கும் பங்கு இருக்கிறது, அதை இங்கே யாரும் தொடவில்லை. பேயோட்டுகிறவர்கள் ரோம் சபையின் பட்டியலிலேயே இருக்கிறார்கள், யாழ்வாடை எழுதியதைப் பாருங்கள். அன்றைய சனங்களுக்கு எந்தச் சாமிக்குச் சக்தி என்பதுதான் முதல் கேள்வி. பணம், அடக்கம் மட்டும் வைத்துப் பேசினால் அந்த ஆட்களை நம் காலத்து ஆட்களாக்கிவிடுவோம்.

கீழவாசல்:
அக்கா சொல்வதை ஏற்கிறேன். நம்பினார்கள் என்பதை ஆதாரமாக எடுக்கலாம், நடந்ததா என்பதை இங்கே முடிவு கட்ட முடியாது. கொள்ளைநோய் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

மறைமாணவன்:
இரண்டு பெரிய நோய்கள். 165 முதல் 180 வரை ஒன்று, 249 முதல் பத்துப் பதினைந்து வருஷம் இன்னொன்று. இரண்டாவதைப் பற்றி அலெக்சாந்திரியா ஆயர் டயோனீசியஸ் எழுதியிருக்கிறார். நம் சகோதரர்கள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து அவர்களோடே இறந்தார்கள், மற்றவர்களோ சொந்தக்காரரை உயிர் போகும் முன்பே தெருவில் போட்டுவிட்டு ஓடினார்கள் என்கிறார். மருந்தே இல்லாத நோயில் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்தாலே பிழைப்பவர் தொகை கூடும். பிழைத்தவர்களுக்குத் தன்னைப் பார்த்துக்கொண்டது யார் என்பதும் நினைவிருக்கும்.

செஞ்சட்டை:
தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் கடிதம். இதற்கு எதிர்த்தரப்புச் சாட்சி உண்டா?

மறைமாணவன்:
நோய்க்கு இல்லை. உதவிக்கு உண்டு. கிறிஸ்தவத்தை விட்டு விலகிப் பழைய தெய்வங்களை மீட்க நினைத்த பேரரசர் ஜூலியன் 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதியதாக வரும் கடிதம். அந்தக் கலிலேயர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள், நம் ஆட்களுக்கு நம்மிடமிருந்து உதவி இல்லை என்று எல்லாருக்கும் தெரிகிறது, நீங்களும் சத்திரம் கட்டுங்கள் என்று கோதுமையும் மதுவும் ஒதுக்குகிறார். கலிலேயர் என்றால் கிறிஸ்தவர்கள், பெயரைக்கூடச் சொல்லமாட்டார்.

மயிலைவாசி:
எல்லாரும் ரோமையே சுற்றுகிறீர்கள். இயேசுவின் சீடர், நம்ம தோமையார் 52இல் கொடுங்கல்லூருக்கு வந்து, 72இல் பரங்கிமலையில் உயிர் விட்டாரே. ரோமில் சபை ஊன்றும் முன்பே இங்கே ஊன்றிவிட்டது.

நாணயக்காரன்:
சுருக்கமாகச் சொல்கிறேன். வந்திருக்க முடியுமா என்றால் முடியும். முசிறிக்கும் எகிப்துக்கும் கப்பல் போய்வந்ததற்கு 2ஆம் நூற்றாண்டுப் பப்பைரஸ் ஒப்பந்தமே இருக்கிறது. தோமையார் இந்தியா வந்த கதையைச் சொல்லும் பழைய நூல் 3ஆம் நூற்றாண்டில் எடெசா (இன்றைய தென்கிழக்குத் துருக்கி) பக்கம் சிரியாக் மொழியில் எழுந்தது. அதில் வரும் கொண்டபரஸ் அரசன் கற்பனை இல்லை, அவன் காசுகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில். 52, 72 என்ற ஆண்டுகள் நம் கரையோர மரபில் வருபவை, அந்த நூற்றாண்டுக் கல்வெட்டோ ஓலையோ அவற்றுக்கு இல்லை.

உறுதியாகக் கையில் இருப்பவை பிந்தியவை. 6ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற வணிகர் இலங்கையிலும் மலபாரிலும் சபைகள் உண்டு என்கிறார். 849இல் வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற தேவாலயத்துக்குக் கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது, சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பகலவி (பாரசீகம்), எபிரேய எழுத்துகளில். பரங்கிமலைச் சிலுவையில் இருப்பதும் பகலவி எழுத்துதான்.

யாழ்வாடை:
அநுராதபுரத்திலும் 1912இல் அதே மாதிரி ஒரு கற்சிலுவை கிடைத்தது. கோஸ்மாஸ் சொன்னதோடு பொருந்துகிறது.

நெறியாளர்:
தோமையாருக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது. அங்கே தொடருங்கள்.

கீழவாசல்:
சரி. ஆனால் மயிலைவாசி கிளப்பியதில் ஒரு பாதி இந்த இழைக்குத் தேவை. ரோமப் பேரரசுக்கு வெளியே அரசு ஆதரவு இல்லாமல் பரவியதா?

நாணயக்காரன்:
இரண்டு விதமும் உண்டு. எடெசாவில் 201 நவம்பரில் வந்த வெள்ளம் கிறிஸ்தவர்களின் ஆலயத்தைச் சேதப்படுத்தியதாக அந்த ஊர்க் குறிப்பேடு சொல்கிறது. அந்த ஆண்டிலேயே ஆலயம் என்று சொல்ல ஒரு கட்டடம் இருந்திருக்கிறது. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிகியாவைச் சேர்ந்த அபேர்க்கியுஸ் தன் கல்லறைக்குத் தானே எழுதிவைத்த கல்வெட்டில், ரோமுக்குப் போனேன், யூப்ரடீசைத் தாண்டி நிசிபிஸ் வரை போனேன், எங்கும் நம்மவர்கள் இருந்தார்கள் என்கிறார். பவுலைக் கையில் வைத்துக்கொண்டு பயணம் போனாராம்.

மாறாக, ஆர்மீனியாவில் 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அரசன் திரிதாத்தஸ் மாறினான், நாடு பின்னால் வந்தது. எத்தியோப்பியாவின் அக்சுமிலும் அப்படித்தான், அரசன் எசானாவின் முந்தைய காசுகளில் பிறையும் வட்டமும், பிந்தியவற்றில் சிலுவை.

செஞ்சட்டை அவர்களுக்குப் பாரசீகத்தைக் காட்ட வேண்டும். அங்கே கான்ஸ்டன்டைன் மனம் மாறியது சபைக்குக் கேடாக முடிந்தது. எதிரி நாட்டு மதம் என்று ஆகிவிட்டது அல்லவா? 340 வாக்கில் இரண்டாம் ஷாபூர் கிறிஸ்தவர்கள் மேல் இரட்டை வரி போட்டான், வசூலிக்க மறுத்த ஆயர் சிமியோனைக் கொன்றான். பல ஆண்டுகள் தொடர்ந்த கொலைகளுக்குப் பிறகும் அந்தச் சபை அழியவில்லை. 635இல் அதே சபையின் ஆட்கள் சீனத் தலைநகரில் நிற்கிறார்கள்.

பொருநைக்கரை:
260இலிருந்து 303 வரை இருந்த அமைதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர் வலேரியன் பாரசீகத்தில் கைதியானதும் மகன் கல்லியேனஸ் சபைச் சொத்துகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. பழைய கட்டடங்கள் போதாமல் பெரிய ஆலயங்கள் கட்டினார்கள் என்று யூசேபியஸ் எழுதுகிறார். நிக்கொமேதியாவில் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனையிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் ஒரு ஆலயம் நின்றது. 303 பிப்ரவரி 23இல் அதை இடித்துத்தான் பெரிய துன்புறுத்தலே தொடங்கியது.

கணக்குப்பிள்ளை:
என் கணக்கிலும் 250இல் 11.7 லட்சம், 300இல் 63 லட்சம். அதே விகிதம்தான். ஆனால் அடித்தளம் பெரிதாகிவிட்டதால் ஐம்பதே வருஷத்தில் 50 லட்சம் பேர் கூடிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்தவருக்கு இது திடீர் வெள்ளமாகத்தான் தெரிந்திருக்கும்.

யாழ்வாடை:
303இல் இன்னொரு ஆவணமும் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற ஊர், இன்றைய அல்ஜீரியாவின் கொன்ஸ்டன்டைன். மே மாதம் அதிகாரிகள் சபை கூடும் வீட்டுக்கு வந்து பொருட்களைப் பறிமுதல் செய்கிறார்கள், குமாஸ்தா எழுதிக்கொள்கிறார். பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, வெள்ளி விளக்கு 7. அதற்குப் பிறகு வருவதைப் பாருங்கள். பெண்கள் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 சோடி, பெண்கள் செருப்பு 47 சோடி.

பூசைக்கு எதற்கு 47 சோடி பெண்கள் செருப்பு? ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த சரக்கு என்றுதான் நான் எடுக்கிறேன். கொர்னேலியஸின் 1,500ஐ யாராவது மிகை என்றால் இந்தப் பட்டியலைக் காட்டலாம். எழுதியது சபை ஆள் இல்லை, பிடுங்க வந்தவர்.

செஞ்சட்டை:
நல்ல ஆதாரம். 313க்கு முன் ஒரு பலமான அமைப்பு இருந்தது என்பதில் எனக்கு உங்களோடு சண்டையில்லை. ஆனால் பத்தில் ஒருவராக இருந்தது எப்படி எல்லாருமாக ஆனது? அந்த ஒன்பது பேரையும் கைம்பெண் நிதியால் கொண்டுவரவில்லை. 391 வாக்கில் அலெக்சாந்திரியாவின் செராப்பிஸ் கோயிலை இடித்தார்கள். 415இல் தத்துவ ஆசிரியை ஹிப்பாத்தியாவைத் தெருவில் இழுத்துக் கொன்றார்கள். ‘எப்படிப் பரவியது’ என்ற தலைப்பில் இதுவும் வர வேண்டும்.

கீழவாசல்:
வர வேண்டும்தான். தலைப்பில் ‘கான்ஸ்டன்டைனுக்கு முன்’ என்று நான் கோடு போட்டதே இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்பதற்காக.

கணக்குப்பிள்ளை:
அதே 40 சதவீதத்தை 350 வரை ஓட்டினால் 3.4 கோடி வரும், பாதிக்கு மேல். அரசு இல்லாமலே அவ்வளவு வந்திருக்கும் என்று ஸ்டார்க் வாதிட்டார். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. எந்த வளர்ச்சியும் ஒரே விகிதத்தில் கடைசிவரை போகாது, எளிதில் வரக்கூடியவர்கள் முதலில் வந்துவிடுவார்கள்.

நாணயக்காரன்:
இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சட்டம் இருக்கிறது. 313க்கு முன் மூப்பராக இருந்தால் முதலில் பிடிபடுவது நீங்கள். வலேரியன் ஆணையில் 258இல் சிப்ரியன் தலை போனது அப்படித்தான். கான்ஸ்டன்டைன் வந்ததும் குருக்களுக்கு நகர்மன்றப் பொறுப்புகளிலிருந்து விலக்கு கொடுத்தார். அன்று நகர்மன்ற உறுப்பினர் பதவி என்றால் வரிப் பாக்கியைச் சொந்தக் கையிலிருந்து கட்டுவது, ஊர்ச் செலவைத் தாங்குவது. உடனே வசதியான குடும்பத்து ஆட்கள் குருவாக வரிசையில் நின்றுவிட்டார்கள். சில வருஷத்துக்குள், 320களிலேயே, அதே கான்ஸ்டன்டைன் திரும்ப ஆணை போட வேண்டியிருந்தது: நகர்மன்றக் கடமைக்கு உரியவரும் வசதி படைத்தவரும் இனிமேல் குருத்துவத்தில் சேரக் கூடாது, இறந்த குருவின் இடத்தில் மட்டும், அதுவும் ஏழையாகப் பார்த்து எடுங்கள் என்று.